முயல் வளைக் கதவும் நரியின் பரீட்சையும்

ஒரு காட்டில், ஒரு நாவல் மரத்துக்கு அடியில், முயல்கள் வளை தோண்டிக் குடியிருந்தனவாம். மரத்துக்கு மேலே கோடப்பன் என்ற அணில். கைவேலைக்காரன். மனிதர்கள் வீசிவிட்டுப் போன ரேடியோ, செல்போன் எது கிடைத்தாலும் பிரித்துப்போட்டு, வேறொன்றாக்கிப் பூட்டிவிடுவான்.

அந்த வளைக்குள் தலையை விட்டு, அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு போவது ஒரு நரிக்கு வழக்கமாகிவிட்டது. புதிதாகக் குட்டி போட்டிருந்த பூவாத்தா முயல் ஒருநாள் மரத்தடியில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கோடப்பா, ஒரு கதவு செஞ்சு குடுப்பா. நாங்க வந்தா தொறக்கணும். நரி வந்தா தொறக்கக் கூடாது."

"அவ்வளவுதானாக்கா? சாயங்காலம் மாட்டிடலாம்."

சொன்னபடி மாட்டினான். புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு, அதுதான் கதவுக்கு மூளை. தீனி வெறும் வெயில். முயல் வாசனை பட்டதும் சட்டென்று திறந்தது. குட்டிகள் உள்ளேயும் வெளியேயும் ஓடி விளையாடின.

அப்போதுதான் காட்டின் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். முள்ளியப்பர் என்ற முள்ளம்பன்றி. அவரை இதுவரை யாரும் தொட்டதில்லை என்பதால், பாதுகாப்பு பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று காடே நம்பியது.

"வாசனை மட்டும் போதுமா? நரி ஒரு முயல்தோலப் போத்திக்கிட்டு வந்தா?"

கோடப்பனுக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதான். "முகத்தையும் பாக்கச் சொல்றேனுங்க."

"முகம் மாதிரி முகமூடி போட்டா? ஒரு ரகசியச் சொல் வேணும். சந்தேகம் வந்தா ஒரு பரீட்சையும் வை. எல்லாத்துக்கும் மேல, மலை உச்சியில இருக்குற பெரிய எந்திரத்த ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தொறக்கணும்."

"ஐயா, சில்லு ரொம்பச் சின்னதுங்க. இத்தனையும் ஏத்தினா மூச்சு வாங்கும். ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பாக்கும்."

"வாங்கட்டுமே. உசுரு முக்கியமா, வேகம் முக்கியமா?"

கோடப்பன் எல்லாவற்றையும் ஏற்றினான். அவசரத்துக்கு மரத்திலிருந்து இழுத்துத் திறக்க ஒரு கயிறாவது கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். "நரிக்குக் கயிறு இழுக்கத் தெரியாதாக்கும்?" என்று அதையும் வெட்டிவிட்டார்.

மறுநாளே பூவாத்தா புல்வெளியிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தாள். பின்னால் நரி. மரத்தின் மேல் கோடப்பனுக்கு வாலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"வணக்கம்" என்றது கதவு. "வாசனை சரிபார்க்கப்படுகிறது. காத்திருக்கவும்."

"அடப்பாவி, நாந்தான் பூவாத்தா! தொற!"

"முகம் ஆடுகிறது. மூச்சிரைக்காமல் நிற்கவும்."

உள்ளே குட்டிகள் கீச்சிட்டன. கோடப்பன் கிளையில் தலையை முட்டிக்கொண்டான். "ஐயோ, நாந்தான் அவளக் கொன்னேன்" என்று முனகினான்.

நரி வந்தே விட்டது. முன்னங்காலை ஓங்கியும் விட்டது. ஆனால் புதிதாக ஒரு முகம் தெரிந்ததும், கதவு பூவாத்தாவின் சோதனையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நின்றவரிடம் தாவியது.

"வணக்கம்! நீங்கள் முயல்தானா?"

ஓங்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. நரி யோசித்தது. வெளியே இருப்பது ஒன்று. உள்ளே ஒரு வம்சமே இருக்கிறது.

"ஆமா, முயலேதான்" என்றது குழைந்து.

"மகிழ்ச்சி. நிரூபிக்கவும். கீழே உள்ள படங்களில் அருகம்புல் எது, கோரைப்புல் எது?"

நரி தன் ஆயுசில் புல்லைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. ஒன்றைத் தொட்டது. "தவறு" என்றது கதவு. இன்னொன்றைத் தொட்டது. "தவறு. அவசரப்படாமல் முயலவும்."

"என்னையா தப்புன்னு சொல்ற? இந்தக் காட்டுலயே புத்திசாலி யாருன்னு போய்க் கேளு!" என்று கதவோடு மல்லுக்கு நின்றது நரி. காலடியில் இருந்த பூவாத்தாவை அது மறந்தே போனது. அவள் மெல்ல நழுவி, மரத்துக்குப் பின்னால் முட்புதருக்குள் புகுந்து, கிடுகிடுவென்று மண்ணைத் தோண்டிக் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து முயல்கள் எல்லாம் அந்தப் பொந்து வழியாகத்தான் போக்குவரத்து. அதற்குக் கதவே கிடையாது. நரியோ விடிந்ததும் வாசலுக்கு வந்து, பொழுது சாயும்வரை படத்தைத் தொட்டுத் தொட்டுத் திட்டு வாங்கியது. வேட்டைக்குப் போக நேரமே இல்லை. முள்ளியப்பருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முள்ளில் பட்டுக் கிழிந்தது.

கோடப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தேடி அலைந்து நல்ல சில்லாக ஒன்றைக் கொண்டுவந்தான்.

"அக்கா, இத மாட்டினா அத்தனை சோதனையும் ஒரு நொடியில முடிஞ்சிரும். நீங்க வாசல் வழியாவே வரலாம். நரிக்கும் உடனே 'போ'ன்னு சொல்லிரும்."

பூவாத்தா பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும், அதுல கை வெச்சிராத! உடனே போன்னு சொன்னா நரி நேரா எங்கடா போகும்? எங்களத் தேடிப் புல்வெளிக்குத்தான!"

நீதி: வேகமான கதவு திருடனைத் திருப்பி அனுப்பும், மந்தமான கதவு அவனை வேலைக்கே வைத்துக்கொள்ளும். ஆகவே வாசலைப் பலமாகப் பூட்டுங்கள், நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.