ஏட்டையாவின் ஜன்னல் போன்

குமார், நீ செய்வது அநியாயம். நேரில் சொன்னால் சிரித்துவிட்டுப் போவாய். அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

உன் அப்பா ஏட்டையாவைப் போல உண்மை பேசுகிற ஆள் குற்றாலத்தில் வேறு யாரும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஏட்டையா மெயினருவியில் விசில் ஊதியே ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அவர் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் அருவி தெரியாது, சத்தம் கேட்கும். குளிக்க வந்த ஒரு மதுரைக் குடும்பத்துக்கு எப்போதோ தன் லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்தார். அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. சாரல் தொடங்கினால் மணி ஓயாது. "ஏட்டையா, தண்ணி விழுதா? வேன் பிடிக்கலாமா?"

மணி அடித்ததும் அவர் சட்டையைத் தேடுவார். "பனியனோட பேசுனா அவியளுக்கு என்னலே மரியாத?" கடைசிப் பொத்தானையும் போட்ட பிறகுதான் ரிசீவரை எடுப்பார். பழகியவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

எடுத்தாலும் பதில் சொல்லமாட்டார். "நீங்களே கேட்டுக்கிடுங்க" என்று நீள வயரை இழுத்துக்கொண்டு போய் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். அப்புறம் தீர்ப்பு. "இது பிள்ளைங்க குளிக்கிற சத்தம், வாங்க." அல்லது, "இது ஆளத் தூக்குற சத்தம். வீட்லயே குளிங்க."

ஒரு லாட்ஜ்காரர் வந்து கெஞ்சினார். "அண்ணாச்சி, சும்மா நல்லா விழுதுன்னு சொல்லுங்களேன். ரூமெல்லாம் காலியா கெடக்கு."

"நானா சொல்லுதேன்? அருவிதாம்லா சொல்லுது. அதுகிட்டப் போய்ப் பேசும்வே."

ஒருநாள் சாயங்காலம் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "சத்தம் கனத்துட்டு." பாய்ந்து போய் அருவிக்கரை போலீசுக்குப் போன் போட்டார். "ஏலே, ஆட்கள வெளியேத்துங்கலே! வெள்ளம் வருது!" கடைசி ஆள் கரையேறியதும் செம்மண் தண்ணீர் இறங்கியது. மறுநாள் நன்றி சொல்ல வந்த போலீஸ்காரரிடம் ஏட்டையா கூனிக் குறுகி நின்றார். "நேத்து பனியனோட பேசிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதிய."

இந்த மனுஷருக்குத்தான் நீ சென்னையிலிருந்து செல்போன் வாங்கி வந்தாய். "வீட்டுக்கு எதுக்குப்பா ரெண்டு போன்? லேண்ட்லைன் எம்பேர்லதான இருக்கு. ஆடி முடியவும் எழுதிக் குடுத்து எடுத்துருதேன்" என்றாய்.

அவர் சண்டை போடவில்லை. நீ போனதும், "எது நல்லதுன்னு சோதிச்சுப் பாத்துருவோம்லே" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னைத் தென்காசிக்கு அனுப்பினார். அங்கே ஒரு செல் கடையில் நின்று முதலில் லேண்ட்லைனுக்கு அடித்தேன். அருவி என் காதிலேயே விழுந்தது. பிறகு செல்லுக்கு அடித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஏட்டையா, ஜன்னலுக்கு வெளிய நீட்டுனீங்களா?"

"கை வலிக்க நீட்டிக்கிட்டுத்தாம்லே நிக்கேன்!"

அவர் குரல் மட்டும் சுத்தமாக வந்தது. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று இந்த மாதிரி புது செல் வடிகட்டிவிடும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். குற்றால அருவி இரைச்சலாம்! எனக்கு வந்த கோபத்தில் நீ வாங்கித் தந்த செல்லை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் என் கையில் இருந்தது என் போன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஏட்டையா வீட்டில் இருந்தபோது லேண்ட்லைன் அடித்தது. சட்டையை மாட்டி எடுத்தார். "ஏட்டு, குற்றாலம்." எதிர்ப்பக்கம் பேச்சே இல்லை. அவர் எதுவும் கேட்காமல் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வலது கை வலித்ததும் இடது கைக்கு மாற்றினார். பத்து நிமிடம்.

"யாரு ஏட்டையா?"

"வாராவாரம் வரும். பேசமாட்டான், மூச்சு மட்டும் கேக்கும். சின்னதுலேருந்து சளி பிடிச்ச மூக்கு. எனக்குத் தெரியாதாலே?"

"அப்ப அவன்கிட்டயே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா வெக்கப்பட்டுப் போன் போடுறதயே விட்ருவான். சும்மா கெட."

நான் சும்மா கிடக்கிற ஆள் இல்லை. குமார், அந்த ஞாயிற்றுக்கிழமை போன் நீதானே? அப்பாவின் செல்லுக்கு அடித்தால் உனக்கு என்ன கேட்கும் என்று யோசித்தாயா? ஆடி முடிவதற்குள் இதே பத்திரிகையில் உன் பெயரைப் போட்டுப் பதில் எழுது. "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். அதைப் படிக்கும் முன் உன் அப்பா சட்டை மாட்டிக்கொள்வார்.