பிள்ளையார் சுழி போட்ட தோட்டா

உலகத்தில் குறி தவறியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். தவறிப்போன குண்டைத் தேடிக் கிளம்பியவர் ஒருவர்தான். அவர் மலாக்காவில், காஜா பேராங் போகும் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரே கடையில் எத்தனையோ கோப்பி குடித்திருக்கிறோம். இருந்தும் தெரியாது. ஊர் முழுக்க அவருக்குச் 'சுழி' என்றுதான் பெயர். வயதுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் சுழி அண்ணன் என்போம். தபால்காரர்கூட 'சுழி வீடு' என்றால்தான் வாசலில் மணி அடிப்பார்.

பெயர் வந்த கதை இது. ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளைக்காரன் ஊர்ப் பிள்ளைகளைத் தொண்டர் படையில் சேர்த்தான். அண்ணனும் சேர்ந்தார். காஜா பேராங்கைத் தாண்டி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி, சுட்டுப் பழகுவதற்கு ஒரு திடல் இருந்தது. ஆளுக்கு ஐந்து தோட்டா. அண்ணன் சுட்ட முதல் நான்கும் எங்கே போயின என்று அவருக்கே தெரியாது.

"அது நியாயந்தான்டா," என்பார். "பிள்ளையார் சுழி போடாம ஆரம்பிச்சா எது வெளங்கும்?"

ஐந்தாவது தோட்டாவின் மூக்கில், சட்டையில் குத்தியிருந்த ஊக்கின் முனையால் 'உ' என்று கீறி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சுட்டார். குறிப்பலகைக்குக் கீழே இருந்த பள்ளத்திலிருந்து ஒரு சிவப்புக் கொடி எழும்பி இப்படியும் அப்படியும் ஆடியது. படவில்லை என்று அர்த்தம். சார்ஜன் அவர் பெயருக்கு நேரே பெரிய சுழியம் போட்டு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கையில் கரண்டியைக் கொடுத்துச் சமையல் கொட்டகைக்கு அனுப்பினார். பிள்ளையார் சுழி போட்டுச் சுழி வாங்கிய மனிதர் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது.

அந்தக் கொடியை ஆட்டியவர் கம்போங் செட்டிக்காரர். பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிமார் குடியிருப்பு அது. அவருக்கும் அன்றோடு பெயர் போயிற்று, 'பெண்டேரா' ஆகிவிட்டார். மலாயில் கொடி. நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய், அதில் ஊறுகாய்போல நாலு தமிழ்ச் சொல். தினமும் காலையில் எங்கள் பஸ்ஸில்தான் பாசாருக்குக் கறிகாய் வாங்கப் போவார். அவருடைய டிக்கெட்டை வாங்கி ஓட்டை போடும்போது அண்ணன் மலாயில், மூத்தவருக்குச் சொல்லும் 'அபாங்' போட்டுக் கேட்பார்:

"அபாங், அன்னிக்கு அந்த அஞ்சாவது?"

"தா கெனா." படவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்லா. வாய் நிறைய மண்ணோட பார்த்தேன்."

இதைத் தவிர அவர்கள் இருவரும் வேறு பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் வரும் கைப்பிள்ளைக்குக்கூட இது மனப்பாடம். 'வாய் நிறைய மண்' என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அலுப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டோம். பின்சீட்டிலிருந்து யாராவது, "டிக்கெட்டுலயாவது குறி தவறாம ஓட்டை போடுங்கண்ணே," என்பார்கள். அண்ணன் சிரிக்கவே மாட்டார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே புதுக் கொடி தைத்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்தத் திடலை நிரவி வீடு கட்டப்போவதாகச் செய்தி வந்தது. அண்ணனின் மகளுக்கு அப்போதுதான் செமாபோக்கில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. வழி கேட்டு வந்த சம்பந்தியிடம் கடைத்தெருவே கை நீட்டி, "சுழி வீடா?" என்று காட்டியிருக்கிறது. வந்தவர் கோப்பியைக் குடித்துவிட்டு, "சுழின்னா தலைச்சுழியா, இல்ல நாம பயப்படுற மாதிரி வேற ஏதாச்சுமா?" என்று கேட்டாராம்.

அன்றைக்கு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "பத்திரிகையில என் சொந்தப் பேரப் போட்டா, யாரோ வீட்டுக் கல்யாணம்னு ஒருத்தனும் வரமாட்டான். சுழின்னு போட்டா சம்பந்தி சிரிப்பான். மண்ணத் தள்ளுறதுக்குள்ள அந்தக் குண்ட எடுத்து பெண்டேரா கையில குடுக்கணும்டா. 'கெனா', பட்டுச்சுன்னு அந்த ஆளு ஒரு வார்த்த சொல்லிட்டா, என் பேரு எனக்குத் திரும்பி வந்துரும்."

"அண்ணே, அது ஆயிரம் குண்டு விழுந்த மண்ணு."

"ஆயிரத்துல சுழி போட்டது ஒண்ணுதானே?"

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மண்வெட்டியையும் மணல் சல்லடையையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வேண்டிய இடம்தான். இடுப்பளவு லாலான் புல். அதற்குள் படுத்துச் சுடுவதற்குப் போட்ட மேடுகள், எருமைகள் படுத்திருப்பதுபோல வரிசையாக. புல்லை விலக்கினால் பச்சை பூத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எறும்புக் குடும்பம். மறுகோடியில், முன்னால் மண்ணணை போட்ட நீளமான சிமெண்டுப் பள்ளம், ரயிலே வராத ஸ்டேஷன்போல. கொடிக்காரர்கள் உட்காரும் இடம் அதுதான். அதற்குப் பின்னால் குண்டு வாங்கும் பெரிய மண்மேடு. பள்ளத்துக்குள் துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள். ஒன்றை அண்ணன் பிடித்து இழுத்தார். அது கிறீச்சென்று அலறிக்கொண்டு இறங்கியது. குறிப்பலகை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மைனாக்கூடு. தாய் மைனா எங்களைத் திட்டிய திட்டு அச்சில் போடக்கூடியது அல்ல. அண்ணன் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சட்டத்தை மறுபடி மேலே ஏற்றினார்.

மூலையில் ஒரு தகரடப்பா, கல்லாய்ப்போன மாவுப்பசை, அதில் ஒரு பிரஷ். குண்டு துளைத்த ஓட்டைகளைக் காகிதம் வைத்து ஒட்டி, பலகையை மறுபடி தூக்குவார்களாம். அண்ணன் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் ஓட்டையையும் ஒட்டி மறைச்சிருக்கலாம், இல்ல?"

"ஏண்ணே மறைக்கப்போறாரு?"

"செட்டிப் பிள்ளையாருக்கும் நம்ம பிள்ளையாருக்கும் ஏதாச்சும் போட்டி இருந்திருக்கும்."

திடலில் ஆள் இருந்தால் சிவப்புக் கொடி பறக்கவேண்டும் என்பது சட்டமாம். துப்பாக்கியைப் பிடுங்கிக் கரண்டி கொடுத்தவர்களின் சட்டத்தை இவர் விடுவதாக இல்லை. அண்ணியின் சிவப்புச் சேலையை மூங்கிலில் கட்டி மேட்டின்மேல் நட்டுவிட்டார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை அரசாங்கம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சிவப்புத் துணியைக் காயப்போடவே ஜனங்கள் யோசிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மலாய்க்காரர்.

"இது யார் கொடி?"

"என் சம்சாரத்தோடது துவான்."

"அவங்க எந்தக் கட்சி?"

"என் கட்சியத் தவிர எல்லாக் கட்சியும்."

போலீஸ்காரர் முழுக்கதையையும் கேட்டார். பிறகு சேலையை இறக்கி மடித்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவைத்து எங்களோடு மண் சலிக்க உட்கார்ந்துவிட்டார். கதை அப்படிப்பட்டது, கேட்டவனுக்குக் கை அரிக்கும்.

பின்மேட்டில் குண்டுகள் வந்தன, நிலக்கடலை அகழ்வதுபோல. ஒவ்வொன்றையும் அண்ணன் துடைத்து, "பாருடா, சுழி," என்பார். எல்லாவற்றிலும் சாய்வாகக் கோடு இருந்தது உண்மைதான்.

"அண்ணே, அது துப்பாக்கிக் குழாய் போட்ட கோடு. எல்லாக் குண்டுலயும் இருக்கு."

அண்ணன் யோசித்தார். "வெள்ளைக்காரன் எல்லாத்துக்கும் சுழி போட்டுத்தான் அனுப்பியிருக்கான். அதான்டா இத்தன காலம் ஆண்டான்."

ஞாயிறு மேல் ஞாயிறு போயிற்று. 'உ' வரவில்லை. கடைசி ஞாயிறு வந்தபோது மண் தள்ளும் இயந்திரம் திடலின் ஓரத்திலேயே வந்து நின்றிருந்தது. மறுநாள் வேலை ஆரம்பம். பறக்கவிட முடியாத சிவப்புச் சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அண்ணன் தோண்டிக்கொண்டிருந்தார். அப்போது புல்லை விலக்கிக்கொண்டு வந்தார் பெண்டேரா. கையில் வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

"என் ஆபீஸை இடிக்கப்போறாங்களாமே. ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பள்ளத்தில் இறங்கி, மூன்றாம் எண் சட்டத்துக்குக் கீழே தம் பழைய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மலாயில் பேச்சு தானாக வந்தது.

"நாலு சூடும் தலைக்கு மேலே பறந்து போச்சு. அஞ்சாவது வரவே இல்லை. இவன் அங்கே என்னத்தைக் கீறிக்கிட்டு இருக்கான்னு எழுந்து எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்கக்கூடாது, தப்புதான். பார்த்த வாய்க்குள்ளே ஒரு பிடி மண். துப்பிக்கிட்டேதான் கொடியை ஆட்டினேன்."

அண்ணனின் மண்வெட்டி நின்றது.

"மண்ணு எங்கேருந்து வந்துச்சு அபாங்?"

பெண்டேரா அசட்டையாகக் கையைத் தூக்கிக் காட்டினார். பின்மேட்டை அல்ல. பள்ளத்துக்கு முன்னால், தம் முகத்துக்கு நேரே இருந்த மண்ணணையை.

நாங்கள் அத்தனை நாளும் தோண்டியது அவருடைய முதுகுப்புறம். அண்ணன் சுற்றிவந்து அணையில் மண்டியிட்டுக் கையாலேயே பறித்தார். முழங்கை ஆழத்தில் அகப்பட்டது. எச்சில் தொட்டுச் சட்டையில் தேய்த்தார். மூக்கில் ஒரு சின்னச் சுழிப்பு, அதையொட்டி ஒரு கோடு. 'உ'. நான் பள்ளிக்கூடத்தில் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. குண்டைப் பார்த்தார், பெண்டேராவின் தலையைப் பார்த்தார், மறுபடி குண்டைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெண்டேரா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூண்டில் முள்ளு மாதிரி இருக்கே."

"பிள்ளையார் அபாங், அது."

பெண்டேரா எழுந்து நின்று, குண்டு கிடந்த இடத்திலிருந்து தம் நெற்றிவரைக்கும் கையால் அளந்தார். ஒரு சாண். விபூதி அழிந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தவர் சாப்பிடவில்லை.

யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று நான் தமிழில் சொன்னேன்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

செட்டிமார் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் கட்டும் தலைத்துணிக்கு அவர்கள் பேச்சில் 'தலாப்பா' என்று பெயர். பழமொழியில் அந்த ஒரு சொல்தான் பெண்டேராவின் காதில் விழுந்தது.

"தலாப்பாவா?" என்றார், ரொம்பக் கவலையாக. "அன்னைக்கு நான் தலாப்பா கட்டலையே. வெறுந்தலை."

முதலில் சிரித்தது அண்ணன்தான். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. கடைசியில் அண்ணியின் சிவப்புச் சேலையால் கண்ணைத் துடைக்கவேண்டியதாயிற்று.

பெண்டேரா தொண்டையைச் செருமினார். "சரி, இத்தனை நாள் கேட்டியே, சொல்லிடறேன். எங்கேயோ ஓரிடத்தில் பட்டிருக்கு. கெ…"

அண்ணன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "சொல்லாதீங்க அபாங். தா கெனா. சத்தியமா தா கெனா."

கல்யாணம் ஜோராக நடந்தது. பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் என்ற இடத்தில் 'காஜா பேராங் சுழி' என்றே போடச் சொன்னாராம். "சுழி மேலேயே போட்டாச்சே, மறுபடி எதுக்குங்க?" என்று அச்சுக்காரர் குழம்பியிருக்கிறார். விருந்துக்கு வந்த செட்டிமார் வரிசையில் முதல் ஆளாக, பெரிய தலாப்பா கட்டிக்கொண்டு பெண்டேரா உட்கார்ந்திருந்தார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய திங்கட்கிழமைக் காலை, திடலில் இயந்திரம் ஓட ஆரம்பித்த நாள். பெண்டேரா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட்டை நீட்டி, அவராகவே கேட்டார்:

"அந்த அஞ்சாவது?"

"தா கெனா," என்றார் சுழி அண்ணன். டிக்கெட்டை வாங்கி, ஓரமாக, யாருக்கும் வலிக்காத இடமாகப் பார்த்து ஓட்டை போட்டுக் கொடுத்தார்.