எக்கார்ட்டின் லெட்டூஸ் பாத்தி

விடிந்ததும் தோட்டத்துக்கு வந்த எக்கார்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நேற்று இருபது லெட்டூஸ் கீரை நின்ற பாத்தியில் இன்று எட்டுதான். மிச்சத்தை ஓடில்லா நத்தைகள் தின்று முடித்திருந்தன.

இன்னும் மூன்று வாரத்தில், இந்தத் தோட்டங்களை வாடகைக்கு விடும் தோட்டச் சங்கத்தின் தலைவர் பார்வையிட வருவார். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் காய்கறி இல்லையென்றால் தோட்டத்தைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அதற்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

"கிண்ணத்துல பியர் ஊத்தி வை. விழுந்து சாகும்," என்றாள் மனைவி ரோஸ்வித்தா.

மனசே இல்லாமல் ஊற்றினார். வாசனை பிடித்துப் பத்துத் தோட்டத்து நத்தைகளும் திரண்டு வந்தன. சில கிண்ணத்தில் விழுந்தன. மற்றவை பியரைத் தொடாமல் லெட்டூஸைத் தின்னப் போய்விட்டன.

"நல்ல பியரு! நான் குடிச்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும்."

"இதுங்கள்ல ஆண், பெண்ணுன்னு கிடையாதாம். எல்லாமே முட்டை போடுமாம்," என்றாள் அவள்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே!"

பெரிய எதிரியை முதலில் ஒழிப்போம் என்று பாத்தியோரம் கிடந்த பலகையைப் புரட்டினார். அடியில் சாண் நீளத்துக்கு, உடம்பெல்லாம் புள்ளியோடு நாலு நத்தைகள். பார்த்ததுமே இரண்டடி பின்வாங்கினார். கொல்லவும் கை வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்து வால்ட்ராவுட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அந்தப் புள்ளிப் பிசாசுங்களை எங்கிட்ட குடுங்க எக்கார்ட். நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

எக்கார்ட் உருகிப்போனார். அன்றிலிருந்து தினமும் தேடித் தேடிப் பிடித்து, ஜாம் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ரோஸ்வித்தா சுட்ட பிளம் கேக்கையும் கொடுத்தார். ஆனாலும் பாத்தி நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டே வந்தது.

தலைவர் வந்த அன்று மிஞ்சியிருந்தது வெங்காயத்தாள் மட்டுமே.

"இதுதான் உன் காய்கறியா?" தலைவர் அளவு நாடாவைச் சுருட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் வால்ட்ராவுட்டின் லெட்டூஸ் தலையணை தலையணையாக உப்பி நின்றது. "சரி, அடுத்த கோடை வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள அந்தம்மாகிட்ட போய்க் கத்துக்கோ."

போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் எக்கார்ட் வேலிக்கு ஓடினார். "உங்க பாத்தியில ஒரு ஓட்டைகூட இல்லையே! எப்படிங்க?"

"எல்லாம் கடவுள் புண்ணியம்," என்ற வால்ட்ராவுட் அவசரமாகத் தோட்டக் குடிசைக்குள் நுழையப் பார்த்தாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவள் கணவர், வருஷக்கணக்கில் யாரோடும் பேசாத மனிதர், நன்றியோடு நிமிர்ந்தார்.

"கடவுள் என்ன பண்ணாரு? மத்த நத்தையையெல்லாம் தின்னு தீர்த்தது நீங்க தினம் கொண்டாந்து குடுத்த புள்ளி நத்தைங்கதானே!"