கொட்டகலையில் நான் எண்ணிய தலைவலிகள்

தலை வலிக்கிறது என்றால் "என்ன தலைவலி?" என்று திருப்பிக் கேட்கும் மனிதர் ஒருவரை எழுபத்தொரு வயதாகியும் நான் கண்டதில்லை. எல்லாரும் மாத்திரையை நீட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சுத்தியலால் அடிப்பது வேறு, நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது வேறு, சளி பிடித்துக் கன்ன எலும்புக்குள் கனப்பது வேறு. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூட இரைச்சலைக் கேட்டவனுக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனால் ஆறு வருடங்களுக்கு முன் வந்த ஒரு தலைவலி மட்டும் எனக்கே பிடிபடவில்லை. அதுவும் மகள் கவிதாவுக்காகக் கொட்டகலைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நாளில். அவளுக்கு வந்த ஏழாவது வரன் அது. "புடிச்சிருக்குப்பா" என்று அவள் சொன்ன முதல் வரன்.

மூன்று நாள் முன்புதான், தேத்தண்ணி நரம்பைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். (அவர் படித்தது வைத்தியம் அல்ல, லொறி ஓட்ட.) நாளுக்கு ஒன்பது கோப்பை குடித்தவன், அன்றே அடியோடு நிறுத்தினேன்.

மாப்பிள்ளையின் அப்பா பால் தேத்தண்ணியை நீட்டினார். "வேணாங்க" என்றேன். பெண் கொடுக்கப் போன வீட்டில் ஒரு மிடறும் குடிக்காவிட்டால், சம்பந்தம் பிடிக்கவில்லை என்று பொருள். எனக்குத் தெரியாததா? வலி யோசிக்க விடவில்லை. மனைவி என் முழங்கையை நான்கு முறை இடித்தாள். அவர் சீனி கூடப் போட்டு இரண்டாவது கோப்பை கொண்டுவந்தார். அதையும் மறுத்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்ல என்ன கொறைன்னு சொல்லிருங்க மாஸ்டர்."

தலைவலி என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் காரணங்களையும் சொன்னேன். புதுப் பெயிண்ட் வாசம் ஒன்று, ஊதுபத்திப் புகை இரண்டு, அலறுகிற டிவி மூன்று, துடிக்கிற டியூப் லைட் நான்கு. (எங்களுக்காகத்தான் பெயிண்ட் அடித்திருந்தார்களாம்.) விரல் மடக்கி முடித்தபோது டிவி அணைந்திருந்தது.

"எந்திரிங்க, போவோம்" என்றாள் மனைவி. "புள்ளகிட்ட நீங்களே சொல்லிக்கங்க."

அப்போது மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணியை எப்போது நிறுத்தினேன், முன்பு எத்தனை குடித்தேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஒன்பது குடிச்ச ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா தல வலிக்கத்தான் செய்யும். கொறைக்கணும்னா ஒவ்வொண்ணா கொறைங்க. இப்ப இதக் குடிங்க."

குடித்தேன். நாற்பது நிமிடத்தில் வலி தெளிந்தது. அந்த நாற்பது நிமிடமும் எல்லாரும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெளிந்ததும் முதல் வேலையாக, சுவரின் நீலம் நன்றாக இருக்கிறது என்றேன். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் அந்த வீட்டில் யாராவது நெற்றியைப் பிடித்தால் வரிசையாகச் சொல்கிறார்கள்: பெயிண்ட், ஊதுபத்தி, டிவி, டியூப் லைட், அஞ்சாவது சம்பந்தி. நான் பெற்ற மகளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

இது அப்பட்டமான கணக்குப் பிழை. தேத்தண்ணியை நிறுத்தியதைச் சேர்த்தால் நான் ஆறாவது.