துரத்தியவருக்கே தேனீ

அந்த ஞாயிறு சொக்கலிங்கம் மதியம்வரை தூங்கி எழுந்தபோது அவருடைய தேன்பெட்டியில் ஒரு தேனீகூட இல்லை. மொத்தக் கூட்டமும் பக்கத்து வீட்டில் படகு கட்டும் கஸ்பாரின் பலாமரத்தில் போய்த் தொங்க, கஸ்பார் அதைத் தன் பெட்டியில் பிடித்துப் போட்டும் ஆயிற்று.

டெய்ரி ஃபார்ம் என்ற அந்தப் பகுதியில் தேன்பெட்டி வைத்திருந்தவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. பறந்த கூட்டத்தைத் தட்டைத் தட்டிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் துரத்தி வந்தவருக்கு அது சொந்தம். யாரும் துரத்தி வராவிட்டால் பிடித்தவருக்கு. தூங்கியவருக்கு எதுவும் கிடையாது.

சொக்கலிங்கமோ அந்தத் தேனைத்தான் மலைபோல நம்பியிருந்தார். ஆபீசில், தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றல் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. முதல் பாட்டில் உங்களுக்குத்தான் என்று ஹெட்கிளார்க்கிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மாற்றல் வந்தால், பிள்ளைகள் படிப்புக்காக மனைவி மரகதம் இங்கேயே இருப்பாள். அவர் மட்டும் அங்கே தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும். இதைச் சொன்னபோது மரகதம், "ஐயோ பாவம்" என்றாள். அதையே ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டும் இருந்தாள்.

ஆகவே சொக்கலிங்கம் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார். தான் சாப்பிடும் பித்தளைத் தட்டைச் சாக்கில் சுற்றி, சத்தம் வராமல் குழவியால் நாலு இடத்தில் நசுக்கினார். அதை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார்.

"கஸ்பார், அது நான் துரத்திக்கிட்டு வந்த கூட்டம். பாரு, தட்டின தட்டுல தட்டே சொட்டையாயிருச்சு."

கஸ்பார் தட்டை வாங்கி விரலால் சுண்டினார். "காலைல தட்டுச் சத்தம் கேட்டது நெசந்தான் சார். ஆனா அது அலுமினியம். இது பித்தளைல்லா?"

"உனக்கென்ன மாலூம்? எங்க வீட்டம்மாவையே கேளு. பக்கா சாட்சி."

பக்கா சாட்சி அலுமினியத் தட்டோடு வந்து நின்றாள்.

"தட்டினது நாந்தாண்ணே. உங்க மரம் வரைக்கும் கண்ணை எடுக்கலை. இவரைத் தாண்டித்தான் ஓடினேன், குறட்டைகூட நிக்கலை."

"அக்கா காலைலயே உரிமை சொல்லிட்டாங்க சார். சாயங்காலம் பெட்டியைக் கொண்டாந்து வைக்கதா இருந்தேன்" என்றார் கஸ்பார்.

"புருஷன் வேற, பொண்டாட்டி வேறயா?"

"தேனீ விஷயத்துல வேறதான் சார்."

சொக்கலிங்கத்தின் குரல் இறங்கியது. "மரகதம், அந்த முதல் பாட்டில்..."

"ஹெட்கிளார்க்குக்குத்தானே? நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று கஸ்பாரிடமே கேட்டார். கஸ்பார் சொட்டைத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் ஹெட்கிளார்க்குக்குத் தேன் போனது. அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. திக்லிபூர்.

ஹெட்கிளார்க் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "லிஸ்ட்டுல உம்ம பேரே இல்லைய்யா. தேன் கொண்டுவந்தப்போ உம்ம வீட்டம்மாதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. உமக்கு அந்த ஊருன்னா உசிராமே."