அத்தானின் வேட்டியும் பிரெஞ்சுக்காரரின் உருளையும்

இந்நிகழ்ச்சியை என் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அக்காவின் கணவரான அத்தானின் கதையில் உலங்குவானூர்தி ஒன்று வட்டமிடுகிறது. மாமனாரின் கதையில் எங்கள் வீட்டுக் கூரையே பற்றி எரிகிறது. இரண்டும் நடக்கவில்லை. ஆகவே, நானே கண்டதையும் அக்கா ஒப்புக்கொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். என் மானம் போக அவையே போதும்.

யுத்தகாலத்து மாரி அது. எனக்குக் கொக்கட்டிச்சோலையில் பெண் பேசியிருந்தார்கள். வாவியைக் கடக்கும் மிதவை (எங்கள் வாயில் அது ‘பாதை’) பல வாரங்களாக நின்றிருந்தது. அன்று ஓடும் என்று செய்தி வந்தது. மறுநாளும் ஓடுமா என்பதை எவராலும் சொல்ல இயலாது. பெண் வீட்டாருக்கோ வேறோர் இடத்திலும் பேச்சிருந்தது. எனவே அன்றே அக்கரை சேர வேண்டும். உடுத்திச் செல்லத் தகுந்ததாக இருந்தது அத்தானின் கல்யாண வேட்டி ஒன்றே. அதைத் தோய்த்துப் போட்டேன். மழை விடவில்லை.

“ஸ்திரிக்கைப் பெட்டிக்குள்ள கரியப் போட்டு நாலு இழுவை இழுத்தா காஞ்சிரும், தம்பி,” என்றார் அக்கா.

நான் விஞ்ஞான ஆசிரியன். நாலு இழுவை என் தகுதிக்குக் குறைவு. பாடசாலை நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் ஆடை உலர்த்தும் பொறியின் வரலாற்றைப் படித்திருந்தேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர் ஒருவர், துளையிட்ட உலோக உருளைக்குள் ஈரத்துணியை இட்டு, நெருப்பின்மேல் கையால் சுழற்றி உலர்த்தினார் என்று ஒரு பக்கம் கூறியது. துணியில் கரி படிந்ததாலும், புகை நாறியதாலும், சில வேளை தீயே பற்றியதாலும், பின்வந்தோர் திறந்த நெருப்பைக் கைவிட்டு அடுப்பின் வெப்பத்தையும், அதன்பின் மின்சாரத்தையும் நாடினர் என்று மறுபக்கம் கூறியது. மறுபக்கத்தை நான் அப்போது புரட்டியிருக்கவில்லை.

பெரிய வட்டப் பிஸ்கட் தகரம் ஒன்றை ஆணியால் துளைத்தேன். நடுவே கம்பியைச் செருகி, முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கி அதன்மேல் கிடத்தினேன். சுழற்றுவதற்கு அத்தானின் சைக்கிள் பெடலைத் தண்டோடு கழற்றிப் பூட்டினேன் (அவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன், அவர் கேட்கவில்லை, கத்தினார்). வீட்டுக்குப் பின்னால், கூரை இறக்கிய கோடிப்புறத்துப் பத்தியில் சிரட்டைக் கரியை மூட்டி, வேட்டியை உள்ளே இட்டுச் சுழற்றலானேன்.

புகை எழுந்தது. தகரம் கடகடத்தது. வேலிக்கப்பால் ரோந்து சென்ற படையினருக்கு இவ்விரண்டும் பிடிக்கவில்லை.

“கை மேல.”

மூவர் நின்றனர். துவக்குகள் என்னை நோக்கியிருந்தன. கைகளை உயர்த்தினேன். உருளை நின்றது. சுழலும் வரைதான் துணிக்குப் பாதுகாப்பு என்பதைப் பிரெஞ்சுக்காரர் எனக்குச் சொல்லவில்லை. என் மூக்கு சொல்லிற்று.

“என்ன இது?” என்றார் மூத்த சிப்பாய்.

“இஃது ஆடை உலர்த்தும் பொறி.” (அச்சத்தில் எனக்குப் பேச்சுத்தமிழ் மறந்துபோயிற்று.)

‘பொறி’ என்றதும் அவர் தகரத்திலிருந்து பின்வாங்கினார். அக்கா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

“வேட்டி காய வைக்கிறான், ஐயா.”

“மழைல?”

“அதத்தான் ஐயா நானும் கேட்டனான்.”

“ஐயா, ஒருக்கா கைய இறக்கட்டா? வேட்டி கருகுது,” என்றேன்.

“கை மேல.”

கைகளைப் பற்றித்தான் அவர் கட்டளையிட்டார். கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரு கைகளும் வானத்தை நோக்கியிருக்க, ஒற்றைக் காலால் பெடலை மிதிக்கத் தொடங்கினேன்.

“ஆடாம நில்லுடா. உனக்கு உசிரு பெரிசா, வேட்டி பெரிசா?” என்றார் அக்கா.

“அத்தான் கேட்டா நீதான் பதில் சொல்லோணும், அக்கா.”

அக்கா சற்று யோசித்தார்.

“அப்ப மிதி.”

முதலில் சிரித்தவர் இளைய சிப்பாய். மற்ற இருவரும் துவக்குகளைத் தாழ்த்தினர். அந்த மகிழ்ச்சியில் என் கால் வழுக்கியது. தகரம் உருண்டு வெளியே தேங்கிய வெள்ளத்தில் விழுந்தது. மூத்தவர் துவக்கு முனையால் வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். துளைக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் கரும்புள்ளிகள்.

“பொம்பள பாக்கப் போறான், ஐயா,” என்றார் அக்கா.

“இது கட்டியா?”

போகும்போது அவர் பெடலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அக்கா வேட்டியை அலசி, ஸ்திரிக்கைப் பெட்டியால் நாலு இழுவை இழுத்தார். காய்ந்துவிட்டது. புள்ளிகள் போகவில்லை.

பெண் வீட்டில், இரு கைகளையும் மடிமேல் விரித்துப் புள்ளிகளை மறைத்தபடி அமர்ந்திருந்தேன். பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் அசையவில்லை. அவருடைய தகப்பனார் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்பதான்டா கையத் தூக்கோணும்,” என்று அக்கா என் காதுக்குள் சொன்னார்.

தூக்கினேன். பெண் குனிந்து பார்த்தார். கோப்பை தளம்பச் சிரித்தார். அக்கா அனைத்தையும் சொல்ல நேர்ந்தது. தகப்பனார் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த கிழமை சம்மதம் வந்தது.

இன்று எங்கள் வீட்டில் மகள் வாங்கித் தந்த மின்சார உலர்த்தி ஒன்று இருக்கிறது. அது ஓடத் தொடங்கினாலே, “மெசின் சுத்துது, கையத் தூக்கிட்டு நில்லுங்க,” என்பார் என் மனைவி. நான் நிற்பேன்.

உறுதிப்படுத்த இயலாதது ஒன்றே. அன்று அவர் சிரித்தது வேட்டியைக் கண்டா, என்னைக் கண்டா என்பது தெரியவில்லை. கேட்கும்போதெல்லாம் மறுபடியும் சிரிக்கிறார்.