பழனிவேல் மனைவிகள் பதினோரு பேர்

பூவரசங்குடிக்காடு,
அரும்பாவூர் வழி, பெரம்பலூர் தாலுகா.
விய வருஷம் ஐப்பசி மாதம் 20ந் தேதி.

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொல்லையும் முன்கோபமும் ஒருசேரப் பெற்று வாழும் மைத்துனர் ஸ்ரீ நல்லுசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் பழனிவேல் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று தொடங்குவது முறை. ஆனால் 'யாவரும்' என்று எழுத இப்போது யோசிக்கவேண்டியிருக்கிறது. பத்திரிகைக்காரன் கண்ணில் பட்டால் எத்தனை பேர் என்று எண்ணக் கிளம்பிவிடுவான். ஆகையால் இவ்விடம் நான் ஒருவன், மூன்று வேளையும் கருகின சோற்றைத் தின்றுகொண்டு, சௌக்கியம். அவ்விடம் தங்கள் தங்கை சம்பூர்ணம் சௌக்கியமாக இருப்பாள் என்று தெரியும். கோபமாக இருக்கும்போது அவள் நன்றாகச் சாப்பிடுவாள்.

தங்கள் கார்டு நேற்று கிடைத்தது. 'பதினோரு பேரையும் தலைமுழுகிவிட்டு வந்தால்தான் என் தங்கையை அனுப்புவேன்' என்று, தபால்காரன் வாசித்துவிட்டுக் கொடுக்கும் திறந்த கார்டில் எழுதியிருக்கிறீர்களே மச்சான், இது நியாயமா? அவன் என் கையில் கொடுக்கும்போதே "பதில் எழுதறதுன்னா கவர்ல எழுதுங்க அய்யா, கார்டுல எடம் பத்தாது" என்று யோசனை சொல்லிவிட்டுப் போகிறான். முப்பத்து மூன்று வருஷம் ஒரே ஒரு பெண்டாட்டியோடு, அதுவும் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கொடுக்காமல் குடித்தனம் செய்தவன் நான். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் ஊரார் பத்திரங்களில் 'இன்னார் மனைவி இன்னார்' என்று பிழையில்லாமல் எழுதி ரிடையரானவன். என் பேருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பிழை வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கனவிலாவது நினைத்திருப்பேனா?

தாங்கள் கேள்விப்பட்டது பத்திரிகைக் கதை. பெரம்பலூர் டீக்கடையிலிருந்து உடையார்பாளையம் வண்டிப்பேட்டை வரைக்கும் அதுதான் வேதவாக்கு. எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு எலெக்ஷனில் பச்சை ஓட்டுப்பெட்டிக்காரன் வைரக்கண்ணு, சிவப்புப் பெட்டி வீரமுத்துவை ஏழே ஓட்டில் ஜெயித்தான். ஜெயித்து மாலை வாடுவதற்குள், பெண்கள் பக்கத்து ஓட்டு நோட்டைப் புரட்டின வீரமுத்து 'ஐயையோ' என்று கத்தினானாம். ஏனென்றால் அதில் 'பழனிவேல் மனைவி' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தது! ஊரில் பழனிவேல் நான் ஒருவன். உடனே கதை பிறந்துவிட்டது: வைரக்கண்ணு கூண்டுவண்டி கட்டி வெளியூரிலிருந்து பத்துப் பெண்களை இறக்கினான், அத்தனை பேருக்கும் புருஷனாக நிற்க என்னைப் பேசி வைத்தான், நானும் தலையாட்டினேன். வாரப் பத்திரிகைக்காரன் 'பதினோரு மனைவியர் ஊழல்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஆள்மாறாட்டம் செய்த பெண்களுக்கு ஆறு மாதம் ஜெயில் என்றும் முடித்துவிட்டான். நானோ சிவப்புப் பெட்டிக்கு ஓட்டுப் போட்டவன்! அதைச் சொன்னால் வீரமுத்துவே நம்ப மாட்டேன் என்கிறான்.

அந்தப் பத்திரிகையை நான்தான் போன வெள்ளிக்கிழமை அடுப்படியில் நின்று சத்தம் போட்டு வாசித்தேன். புத்தி கெட்டவன். தங்கள் தங்கை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. முகம் வெளுத்தது. "நான் அண்ணன் வூட்டுக்குப் போறேன். என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று இரண்டு புடைவையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல்வரை ஓடினேன். "அடியே, பதினோரு பேரை வச்சுக் காப்பாத்தற மூஞ்சியா இது? நல்லாப் பாருடி!" என்றேன். பார்க்கவே இல்லை, மச்சான். அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு.

அதற்கப்புறம் நான் பட்டபாடு நாய் படாது. செட்டிகுளம் மலைக்கு அர்ச்சனைக்குப் போனால் குருக்கள், "குடும்பத்துல எத்தனை பேருக்குச் சங்கல்பம்?" என்று விரலை மடக்கிக்கொண்டு கேட்கிறார். பூக்காரி நான் கேளாமலே பதினோரு முழம் அளக்கிறாள். பஸ் கண்டக்டர், "என்னங்க பெரியவரே, ஒண்டியா வந்திருக்கீங்க? வூட்டுல வந்தா தனி வண்டிதான் விடணும்" என்கிறான். இதெல்லாம் போகட்டும். வேப்பந்தட்டையிலிருந்து ஒரு தகப்பன், தன் மூத்த பெண்ணுக்கு ஜாதகம் அமையவில்லையாம், "பதினொண்ணோட பன்னெண்டா இருந்துட்டுப் போவட்டுமுங்க" என்று தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறான். அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தாம்பாளத்தை நீட்டினான். தெருமுனைவரை கூடப் போய் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

ஊர் சொல்வதை ஊர் சொல்லட்டும், நான் ஆபீஸில் பழகினவன், மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. இங்கே மூலம் யார்? நோட்டில் எழுதின குமாஸ்தா. பெயர் சிவசுப்பிரமணியன், அரியலூர்க்காரன், சின்ன வயது. இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனைத் தேடி அரியலூருக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் போனேன். பாதி தூரம் பஸ் எங்களைச் சுமந்தது, பாதி தூரம் நாங்கள் அதைத் தள்ளினோம். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "நீங்கதானா சார் அந்தப் பழனிவேல்!" என்று கும்பிட்டான். பயத்திலா பக்தியிலா தெரியவில்லை. "என்னய்யா நடந்தது?" என்றேன்.

"பொம்பளைங்க பக்கம் தட்டி கட்டியிருந்துச்சு சார். மொகத்தைப் பாக்கக் கூடாதுன்னு ஊர்ல கண்டிசன். குடுத்த சீட்டுல பேரே இல்லை, லிஸ்டுலயும் பொம்பளைங்க பேரு இல்லாம 'இன்னார் மனைவி'ன்னுதான் இருக்கு. அதனால புருஷன் பேரைச் சொல்லும்மான்னேன். 'அதெப்படிங்க வாயால சொல்றது'ன்னு தட்டிக்குப் பின்னால குரல் வந்துச்சு. சரி, ஜாடையாவது சொல்லும்மான்னேன். 'மலைமேல கோவணத்தோட நிக்கிறவருங்க'ன்னாங்க. பழனிவேலான்னேன். வளையல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. இருந்த கூட்டத்துல லிஸ்டைப் புரட்டிப் பாக்காம அப்படியே எழுதிட்டேன்."

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவையும் சார். ஒரு எழுத்து மாறலை. குரல்கூட ஒண்ணாட்டமே இருந்துச்சு."

"சந்தேகம் வரவில்லையா உமக்கு?"

"உங்க ஊர்ல அந்தப் பேரு ஜாஸ்தி போலன்னு நெனச்சுட்டேன் சார்."

"சிவசுப்பிரமணியன் என்பதும் மலைமேல் நிற்கிற சாமி பேர்தானே? உம் பேரை எழுதிக்கொள்வதுதானே ஐயா!" என்று கத்தினேன். "எனக்கு இன்னும் கலியாணமே ஆவலை சார்" என்று அவன் விசும்ப ஆரம்பித்துவிட்டான். பார்த்து வைத்திருந்த பெண் வீட்டாரும் வேலை போனவனுக்குத் தரமாட்டோம் என்கிறார்களாம். அவனுக்கு மோர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தேன்.

மச்சான், இப்போது உண்மை தங்களுக்கே விளங்கியிருக்கும். இது ஊழலும் இல்லை, கூண்டுவண்டியும் இல்லை. நம் பெண்கள் கழுத்தைத் திருகினாலும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். தங்கள் தங்கை இத்தனை வருஷத்தில் பழனிக்குப் போகிற பஸ்ஸுக்குக்கூட 'அந்த மலைக்குப் போற பஸ்' என்றுதான் வழி கேட்பாள். திரும்பி வருகிற வழியெல்லாம் விரல்விட்டு எண்ணினேன்: எங்கள் ஊரில் ஆறுமுகம், கந்தசாமி, வேலாயுதம், முருகேசன், தண்டபாணி, சுப்பராயன், குமாரசாமி, சண்முகம், கதிர்வேல், செந்தில், அப்புறம் நான். சரியாகப் பதினோரு பேர்! பதினோரு முருகன்களின் பதினோரு மனைவிமார் வந்து அதே மலையைக் காட்டியிருக்கிறார்கள், பிரம்மச்சாரிப் பிள்ளை அத்தனையையும் என் தலையில் எழுதிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். குரல் ஒன்றுபோல இருந்ததாமே என்பீர்கள். வெட்கப்படும்போது எல்லாப் பெண்களுக்கும் ஒரே குரல்தான். சந்தேகம் இருந்தால் கலியாண வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதை நாலு பக்கத்துக்கு எழுதி, விசாரணைக்கு வரும் துணைத் தாசில்தாருக்கு மனுவாகப் போட்டுவிட்டேன். போட்டதோடு ஒரு யோசனையும் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை காலை சாவடியில் அதே தட்டியைக் கட்டி, பதினோரு பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பின்னால் நிறுத்தி, அன்று சொன்ன ஜாடையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள், குமாஸ்தா காதால் கேட்டு அடையாளம் காட்டட்டும் என்று. துணைத் தாசில்தார் 'அருமையான யோசனை, அப்படியே நடத்துவோம்' என்று கைப்படப் பதில் எழுதிவிட்டார். ஒரே நாளில் என் மானமும் மீளும், அந்தப் பிள்ளைக்கு வேலையும் மீளும். ஆனால் முதலில் நிற்க வேண்டியவள் தங்கள் தங்கை. உண்மையான பழனிவேல் மனைவி அவள் ஒருத்திதானே! ஆகையால் தாங்கள் கோபத்தை முந்திரிக்கொட்டையோடு சாக்கில் கட்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளைத் தவறாமல் கொண்டுவந்து விடவேண்டியது. கூடவே கொஞ்சம் ஊறுகாயும். வீடு வீடாக இல்லை, மச்சான். அவள் திட்டாமல் எனக்குக் காபியே இறங்கவில்லை.

தங்களுக்கும் தங்கள் சம்சாரம் அம்மாக்கண்ணுவுக்கும் (ஒருத்திதான், நான் எண்ணி எழுதுகிறேன்) செட்டிகுளத்தான் சகல சௌபாக்கியமும் தரவேண்டும். கொல்லையில் காய்ப்பு பெருகவேண்டும், கோபம் குறையவேண்டும்.

இப்படிக்கு,
ஒரே மனைவியை உடைய,
பழனிவேல்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டு ஆறுமுகம் சம்சாரம் பச்சையம்மாள் கீரை கொண்டுவந்தாள். திங்கட்கிழமை நீயும் சாவடிக்கு வந்து ஜாடை சொல்லவேண்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முழித்தாள்.

"நான் எங்கங்க ஓட்டுப் போட்டேன்? நாங்க பத்துப் பேரும் அன்னைக்குச் சோளக்கொல்லையில களை எடுக்கப் போயிட்டமுங்க. ஓட்டுச் சீட்டையெல்லாம் அக்காகிட்டதானே குடுத்தனுப்புனோம்."

எந்த அக்கா என்றேன்.

"நம்ம சம்பூர்ணம் அக்காதானுங்க. ரேஷன் கடைக்கு எங்க கார்டையெல்லாம் வாங்கிட்டுப் போயி சீனியும் சீமெண்ணெயும் அதுதானே வாங்கியாரும், அந்த மாதிரிதான். 'உங்களுக்கு எதுக்குடி கூலி போவணும், நானே எல்லாத்துக்கும் போட்டுட்டு வரேன்'னுச்சு. ஒரு நடைக்கு ஒரு சீட்டுதான் குடுக்கணுமாமே, பாவம், வெயில்ல பதினோரு நடை நடந்துச்சு. பொம்பளைங்க கெணத்துல தண்ணி எறைக்கச் சகடை போட்டுத் தாரேன்னாருல்ல வைரக்கண்ணு, அதனால எல்லாத்தையும் பச்சையிலயே போட்டுச்சு. அன்னைக்குக் காலு வலிக்குதுன்னு சொல்லலியா உங்ககிட்ட?"

சொன்னாள், மச்சான். தைலம் தேய்த்துவிட்டதே நான்தான்.

"சரி, உன் சீட்டுக்காவது ஆறுமுகம் மனைவி என்று ஜாடை காட்டவேண்டியதுதானே?" என்றேன். பச்சையம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "அது எப்படிங்க சொல்லும்? அடுத்தவ புருஷனை எம்புருஷன்னு ஒரு நல்ல பொம்பளை சொல்லுமா? ஓட்டு வேணா எங்களுது, புருஷன் அக்கா புருஷன்தானே!"

எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. அவள் கோபித்துக்கொண்டு வரவில்லை மச்சான், ஆறு மாதம் ஜெயில் என்று நான் வாசித்த வாசிப்பில் பயந்துபோய் ஓடிவந்திருக்கிறாள். அந்தச் சாவடித் தட்டிக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்தால் குமாஸ்தா முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவான். யோசனை சொன்னவன் நான்! அதனால் அவளை அனுப்பவே அனுப்பாதீர்கள். திட்டாதீர்கள். என்னைக் கோவணத்தோடு நிறுத்தினாளே என்ற வருத்தம்கூட எனக்கு இல்லை என்று சொல்லுங்கள். பதினோரு தடவை கேட்டும் பதினோரு தடவையும் என்னைத்தான் சொல்லியிருக்கிறாள், இத்தனைக்கும் இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

மேலே எழுதியதெல்லாம் ரத்து. பதினோரு மனைவியர் என்று பத்திரிகைக்காரன் போட்ட தலைப்பே உண்மை. திங்கட்கிழமை துணைத் தாசில்தார் முன்னால் நின்று, பதினோரு பேரும் என் சம்சாரங்கள்தான் என்று வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். எத்தனை பெண்டாட்டி கட்டினாலும் இன்றைய சட்டத்தில் தடையில்லை, நான் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்காரன், எனக்குத் தெரியும். பதினோரு பெண்டாட்டி ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டால் ஆள்மாறாட்டம் எங்கே இருக்கிறது? பத்துப் பேர் லிஸ்டில் விட்டுப்போனது லிஸ்டு எழுதினவன் தப்பு. குமாஸ்தாப் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதினான், அவனுக்கும் வேலை கிடைத்துவிடும். அவர்களைக் கொண்டுவந்து நிறுத்து என்றால், பதினோரு பேரும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். துணைத் தாசில்தாரும் கலியாணமானவர்தான், நம்பிவிடுவார்.